பத்து வரைக்கும் அப்பா

"ஸ்ட்ரைக்னு சொல்லுங்க சார்," என்றாள் தமயந்தி.

"சு-தொ-ர-இ-கு," என்றார் தொகாஷி.

ஜப்பான்காரர்தான், ஆனால் அந்த வார்த்தையை அறியாத ஆள் இல்லை அவர். ஓரகடத்து பம்பு ஃபாக்டரியில் யூனியன்காரர்கள் கேட்டை மறித்து உட்கார்ந்தபோது, உள்ளே மாட்டிக்கொண்டு கான்டீன் பிஸ்கட்டைத் தின்று பொழுதைக் கழித்தவர். பிறகு அதே ஆட்களோடு அதே கான்டீனில் டீ குடித்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். ஒவ்வொரு எழுத்தையும் தராசில் நிறுத்துக் கொடுப்பதுபோல, கூடாமல் குறையாமல் பேசுவார். 'எழுத்துக்கூட்டி சார்' என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

தமயந்தி மேஜையில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். "இங்கிலீஷ்காரனுக்கு இது ஒரு அடி. நீங்க அஞ்சு அடி வைக்கிறீங்க."

"எழுத்து அஞ்சு இருக்கே மேடம்."

"உங்க கணக்குல அஞ்சு. உங்க மொழியில எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு நேரம். நாங்க மாத்திரைன்னு சொல்லுவோம். குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டுன்னு எங்க பிள்ளைங்க ஸ்கூல்ல படிக்குதுங்க. அதனாலதான் தமிழ் உங்களுக்குச் சட்டுனு ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ் அப்படி இல்ல. ஒரு இடத்துல ஓங்கி மிதிப்பான். மத்ததையெல்லாம் மென்னு முழுங்கிடுவான்."

"முழுங்கினா மத்தவங்களுக்கு எப்படிப் புரியும்?"

"முழுங்கினாத்தான் சார் புரியும். அதான் கொடுமை."

தொகாஷி சிரித்தார். சிரிப்புக்கூட எண்ணி வைத்ததுபோல வந்தது.

அவர் தரமணியில் தமயந்தியின் ஆபீசுக்கு வந்த கதை இதுதான். ஜப்பானில் தொயாமா என்ற ஊரில் இருந்த அவர்களுடைய தலைமை ஃபாக்டரியை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியிருந்தது. வாங்கிய கையோடு இயந்திரங்களுக்கெல்லாம் காது வைத்துவிட்டார்கள். பொத்தான் கிடையாது, நெம்புகோல் கிடையாது. வாயால் சொல்ல வேண்டும், இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அதுவும் இங்கிலீஷ்காரன் நடையில். எழுத்தெண்ணிப் பேசுகிறவனிடம் இயந்திரம் பணிவாக, 'மன்னிக்கவும், மறுபடி சொல்லவும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். எந்த ஊரில் எந்த ஃபாக்டரிக்குப் போனாலும் இப்போது வாசலில் குரல் தேர்வு. தொகாஷி இரண்டு முறை எழுந்து நின்று பேசி, இரண்டு முறையும் தோற்றிருந்தார். ஓரகடத்துப் பழைய ஃபாக்டரியில் மட்டும்தான் இன்னும் பொத்தானும் கையும் இருந்தன.

காலுக்குத் தகுந்தபடி செருப்புத் தைப்பது உலக வழக்கம். செருப்புக்குத் தகுந்தபடி காலைச் செதுக்கித் தருவதற்கும் ஒரு கம்பெனி வந்தது. அதில்தான் தமயந்திக்கு வேலை.

அவள் எடுத்துக் காட்டிய கருவி புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு 'நடை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"வலிக்குமா?"

"எறும்பு ஊர்ற மாதிரிகூட இருக்காது. உங்க தலைக்குள்ள ஒருத்தன் உக்காந்து தாளம் போட்டுக்கிட்டே இருக்கான் சார். நீங்க பேசுறது, கேக்குறது எல்லாம் அவன் தாளத்துக்குத்தான். இது முதல்ல அவனோட சேர்ந்து தட்டும். அவன் இதை நம்பினதும் மெதுவா மாத்தித் தட்டும். ரெண்டு மூணு மாசத்துல அவன் இது வழிக்கு வந்துடுவான்."

"என் ஜப்பான் பேச்சு?"

தமயந்தி பேனாவை ஒருமுறை உருட்டினாள். அந்தக் கேள்விக்கான பதிலைக் கருவிக்குள் வைத்தவளே அவள்தான். "இங்கிலீஷை மட்டும் மாத்தினா நிக்க மாட்டேங்குது சார். வீட்டுக்குப் போன் பண்ணித் தாய்மொழி பேசினதும் எல்லாம் பழையபடி ஆயிடுது. அதனால அதையும் கொஞ்சம் தளர்த்துவோம். கொஞ்சம்தான். ரொம்ப நாள் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவர் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

பொய் சொல்லவில்லை அவள். ஜப்பானில் பெரியவர்கள் பலரிடம் கேட்டுப் பார்த்திருந்தார்கள். கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது, புரிகிறது, பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் அதில் அனுபவம் உண்டு. கல்லூரி முதல் வருஷத்தில் வகுப்பே கைகொட்டிச் சிரித்த அருப்புக்கோட்டை இங்கிலீஷை, கருவி கிருவி எதுவும் இல்லாமல், கண்ணாடி முன்னால் நின்று நின்றே செதுக்கி எறிந்தவள் அவள். இப்போது ஊருக்குப் போன் போட்டால் அம்மா, "யாரு தாயி பேசுறது?" என்பாள். நான்தாம்மா என்றால், "நீயா! எவளோ ஆபீசுப் பொம்பளைன்னு நெனச்சுட்டேன்" என்பாள். இதைத் தமயந்தி ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

"அப்படின்னா தமிழையும் சரி பண்ணிடுங்க மேடம்," என்றார் தொகாஷி ஆசையாக. "கான்டீன்ல ரொம்பக் கிண்டல் பண்றாங்க."

அன்று மாலையே மேலாளர் ஜெரால்டிடம் கேட்டாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தமிழைத் திருத்தறதுக்கு யாரும்மா காசு குடுப்பா? தமிழ் காதுல விழுந்தா அது தூங்கிடுற மாதிரி வெச்சிடு. பேட்டரியாவது மிச்சமாகும்." அப்படியே வைத்தாள்.

தொகாஷிக்கு வாரத்தில் சில நாள் மதியம் பயிற்சி. டீ வரும் நேரம் ஆனதும், "மேடம், கொஞ்ச நேரம் பர்மிஷன்," என்று போனை எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விடுவார். முதலில் சிகரெட் என்று நினைத்தாள் தமயந்தி. ஒரு நாள் அவரைத் தேடிப் போனபோது, மனிதர் மரத்தைப் பார்த்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"இ-ச்சி. நி-இ. ஸ-ன். ஷி-இ. கொ-ஒ..."

ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு அடி, அம்மியில் குழவி போய்வருவதுபோல. போனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் அதே அளவில் கூடவே எண்ணியது. நடுவில் தண்ணீர் சளக்கென்றது.

"என் பொண்ணு, சுஸு," என்றார் திரும்பி. "அங்கே இப்ப ராத்திரி குளியல். எங்க ஊர்ல குழந்தையை வெந்நீர்த் தொட்டியில உக்கார வெச்சு எண்ணச் சொல்லுவாங்க. அப்பா கூட உக்காந்து எண்ணுவார். பத்து ஆனாத்தான் எழுந்திரிக்கலாம். நான் இங்கே இருக்கேன். அதனால போன்ல உக்காந்திருக்கேன்."

சுஸுவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தொகாஷியைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மனைவி கயோகோவும் குழந்தையும் ஒரு முறை இங்கே வந்து பார்த்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தத்தில் குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுத அழுகையில், வந்த வாரமே திரும்பிப் போனார்கள். அவளுக்கேற்ற பள்ளிக்கூடமும் தொயாமாவில்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் வந்துபோகிற அப்பாவின் முகத்தை அவள் கை அவ்வளவாக அறியாது. அவளுக்கு அப்பா என்றால் குளிக்கும் நேரத்தில் வருகிற குரல்.

"தேர்வுல பாஸ் பண்ணினா தொயாமாவில டெஸ்டிங் பிரிவுக்கு நான்தான் தலைவர்," என்றார் தொகாஷி. "அப்புறம் போன் வேண்டாம். தொட்டி பக்கத்துல நானே உக்காந்திருப்பேன்."

இந்த ஆளை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தமயந்தி அங்கேயே முடிவு செய்துகொண்டாள். நல்ல எண்ணம்தான். கெடுதல் செய்கிறவர்கள் பாதிப் பேர் நல்ல எண்ணத்தோடுதான் தொடங்குகிறார்கள்.

கருவி தன் வேலையைச் செய்தது. முதல் மாதக் கடைசியில் 'ஸ்ட்ரைக்' மூன்று அடியாகச் சுருங்கியது. பிறகு ஒரு நாள், கதவைச் சாத்தியதுபோல ஒரே அடியாக வந்து விழுந்தது. தொகாஷி திடுக்கிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மரத்தடியில் எண்ணிக்கை மட்டும் தடுமாறத் தொடங்கியது. ஓர் எண்ணில் அழுத்தி மிதித்தார், அடுத்ததை விழுங்கினார். போனுக்குள்ளிருந்து சுஸு ஏதோ சொல்லிச் சிரித்தாள். வேலைக்காகக் கொஞ்சம் ஜப்பானிய மொழி கற்றிருந்த தமயந்திக்கும் அது புரிந்தது. 'அப்பா, வாயில மிட்டாய் வெச்சுக்கிட்டு எண்ணாதே.' தமயந்தி அன்றைய குறிப்பில், தாய்மொழி நடையும் தளர்கிறது, நல்ல முன்னேற்றம் என்று எழுதினாள்.

கடைசி மாதம் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். "இனிமே தேர்வு முடியற வரைக்கும் ஜப்பான் மொழி வேண்டாம் சார். வீட்டுக்கு மெசேஜ் மட்டும் அனுப்புங்க. பாப்பாகிட்ட நேர்ல போய்ப் பேசிக்கலாம்."

தொகாஷி போனைச் சட்டைப்பையில் வைத்தார். "சரி மேடம்," என்றார்.

தேர்வில் இயந்திரம் ஒரு முறைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. புறப்படுகிற அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். ஓரகடத்திலிருந்து கான்டீன் ஆட்கள் வேன் பிடித்து வந்து மாலை போட்டார்கள். "எழுத்துக்கூட்டி சார், எங்களை மறந்துடாதீங்க," என்றான் ஒருவன்.

"ம-ற-க்-க-மா-ட்-டே-ன்," என்றார் அவர். அதற்கும் சிரித்தார்கள்.

அப்புறம் சில வாரம் ஒரு தகவலும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறவர்கள் போன் செய்ய மாட்டார்கள் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் அவர் கூப்பிட்டார். பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டது, பாத்திரம், குழாய்த் தண்ணீர்.

"மேடம், என் பழைய பேச்சைத் திருப்பிக் குடுங்க."

"என்ன சார் ஆச்சு?"

"முதல் நாள் வாசல்ல நின்னு, வந்துட்டேன்னு சொன்னேன். எங்க வழக்கம் அது. சுஸு ஓடி வந்தா. பாதியில நின்னுட்டா. அம்மாகிட்ட கேட்டா, யாரோ வந்திருக்காங்க, யாருன்னு. கயோகோ சொன்னா, அப்பாதான்னு. நானும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவ பின்பக்கமா நகர்ந்துக்கிட்டே போனா."

"இப்பவும் அப்படித்தானா சார்?" என்றாள் தமயந்தி.

"இப்ப அழறதில்ல. பழகிட்டா. வாங்க, உக்காருங்கன்னு சொல்றா. வீட்டுக்கு வந்த ஆளுக்கு டீ வேணுமான்னு கேக்கறா. என் பொண்ணு என்கிட்ட மரியாதையா பேசறா மேடம். நான் என்ன செய்ய?"

"பழைய வாய்ஸ் மெசேஜ் ஏதாவது இருந்தா..."

"கயோகோ போட்டுக் காட்டினா. சுஸு அதுகிட்ட கேள்வி கேக்கறா. அது பதில் சொல்லல. அப்பாவுக்குக் கோபமான்னு அழறா." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "தினமும் தொட்டியில உக்காந்து போனைக் கையில வெச்சுக்கிட்டு இருக்கா. அப்பா கூப்பிடுவாருன்னு. நான் அடுத்த ரூம்ல இருக்கேன். ஒரு நாள் தெருவுக்குப் போய் அங்கேருந்து போன் பண்ணினேன். எண்ண ஆரம்பிச்சேன். ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டா."

கருவியைத் தலைகீழாக ஓட்டிப் பார்க்கலாமே என்று தமயந்தியின் வாய்வரை வந்தது. அது முடியாது என்பது அவளுக்கே தெரியும். அவருடைய தலைக்குள் இருந்த பழைய தாளக்காரன் இவள் பேச்சை நம்பி எழுந்து போயிருந்தான். போன இடம் எது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது.

"நான் தப்பு பண்ணிட்டேன் சார்," என்றாள். "கொஞ்சம்தான்னு சொன்னேன். அந்தக் கொஞ்சம் உங்க பொண்ணுக்கு எவ்வளவுன்னு நான் யோசிக்கவே இல்ல."

"நீங்க வேணும்னு செய்யல. ஆனா, மேடம், எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல. ஜப்பான் டாக்டர் எல்லாம் சொல்றாங்க, உங்க பேச்சு நல்லாத்தானே இருக்குன்னு. நல்லா இருக்குது, ஆனா..."

சட்டென்று நிறுத்தினார். அந்தப் பக்கம் தரையில் சின்னக் கால்கள் வேகமாக வரும் சத்தம். எதிலோ இடித்துக்கொண்டு, இடித்ததையும் பொருட்படுத்தாமல் வருகிற சத்தம். பிறகு ஒரு குழந்தையின் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்டது. தமயந்திக்குப் புரிந்தது. புரிந்ததை நம்ப முடியவில்லை.

"என்ன சார் கேட்டா?"

மிகத் தாழ்ந்த குரலில் அவர் சொன்னார், "நீ எப்ப வந்தே அப்பான்னு கேக்கறா."

அப்போதுதான் தமயந்தி அவருடைய தமிழைக் காதுகொடுத்துக் கேட்டாள். ஒவ்வோர் எழுத்தும் நிறுத்து வைத்ததுபோல, கூடாமல் குறையாமல், அதே எழுத்துக்கூட்டி சார். தமிழ் காதில் விழுந்ததும் கருவி தூங்கிவிடும். யாரும் திருத்த வேண்டாம் என்று விட்ட அந்தக் கான்டீன் தமிழுக்குள், அவருடைய ஜப்பானிய நடை ஒரு கீறல் இல்லாமல் அப்படியே ஒளிந்திருந்தது.

"பேசுங்க சார்!" என்று கத்தினாள். "தமிழ்ல பேசுங்க. நிறுத்தாதீங்க. எதையாவது பேசுங்க!"

"எ-ன்-ன பேச?" என்றார் தொகாஷி. குரல் உடைந்துபோயிருந்தது. "பம்பு. வால்வு. லீக்கு. ஷிஃப்ட் முடிஞ்சுது. டீ வந்துச்சா. ரெண்டு டீ, ஒரு வடை..."

சுஸு சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். போன் கீழே விழுந்தது. தமயந்தி தன் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

அன்று வீட்டுக்குப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று கண்ணில் பட்டால் அதை உடனே நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். நடந்ததை எல்லாம் எழுதி, திருத்தப்படாத மூன்றாவது மொழியில் பழைய நடை அழியாமல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு தாய்மொழியை மீட்க வழி தேடலாம் என்று முடித்து ஜெரால்டுக்கு அனுப்பினாள்.

ஜெரால்டு மறுநாள் அவளைக் கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "பிரமாதம் தமயந்தி. ரெண்டு ஃபாக்டரியிலேருந்து புகார் வந்துக்கிட்டே இருந்துச்சு. பாஸ் பண்ணினவங்களுக்கு மெல்ல மெல்லப் பழைய நடை திரும்பி வருது, எங்கேருந்து வருதுன்னே தெரியலன்னு. நீதான் ஓட்டையைக் கண்டுபிடிச்சிருக்க."

"அது ஓட்டை இல்ல சார். அது ஒண்ணுதான் அவருக்கு மிச்சம்."

"ஓட்டைதான்மா. அந்த ஆள் எத்தனை மொழி பேசினாலும் அத்தனையையும் பிடிக்கிற மாதிரி மாத்திட்டோம். வெள்ளிக்கிழமை எல்லாக் கருவிக்கும் தானாவே போயிடும்."

"தொகாஷி சாருக்கு மட்டும் அனுப்பாதீங்க."

ஜெரால்டு கெட்டவர் இல்லை. உண்மையாகவே சங்கடப்பட்டார். "எனக்கும் பொண்ணு இருக்கா. ஆனா ஒருத்தருக்கு விட்டுட்டு இன்னொருத்தருக்குப் போட்டேன்னா நாளைக்கு நான் பதில் சொல்லணும். கருவி காதுல இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பதவின்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்கார். நான் என்ன பண்ண முடியும்?"

தமயந்தி மரத்தடிக்குப் போய் நின்று தொயாமாவுக்குப் போன் செய்தாள். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கழட்டி வைத்துவிட்டால் தமிழ் பிழைக்கும், ஆனால் ஜப்பானியப் பேச்சு பழையபடி வருமா என்று சொல்ல முடியாது, பதவியும் போய்விடும். காதிலேயே இருந்தால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தமிழும் மெல்ல மெல்ல இங்கிலீஷ் நடைக்குப் போய்விடும்.

"பதவி போனா இங்கே வேற வேலை கிடையாது," என்றார் தொகாஷி. "எல்லா வாசல்லயும் அந்த மெஷின்தான். கழட்டினா என்னை மறுபடி ஓரகடத்துக்குத்தான் அனுப்புவாங்க."

"ஆமா சார்."

"இங்கே இருந்தா பொண்ணு பக்கத்துல இருப்பேன். ஆனா அப்பாவா இருக்க மாட்டேன்."

"ஆமா சார்," என்றாள் தமயந்தி மறுபடியும்.

அவர் கயோகோவிடம் பேசுவது கேட்டது. அவர் பேசிய ஜப்பானிய மொழி, இப்போது இவள் காதுக்கே யாரோ வெளியூரான் பேசுவதுபோல இருந்தது. கயோகோ நிதானமாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். தொகாஷி அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். "வீட்டுல ஒரு ஆள் வேணுமா, குழந்தைக்கு அப்பா வேணுமா, நீங்களே சொல்லுங்கன்னு கேக்கறா." பிறகு காதுக்குப் பின்னால் எதையோ பிய்த்து எடுக்கிற சின்னச் சத்தம் போனில் கேட்டது.

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் தமயந்திக்கு ஓரகடம் போய் அவரைப் பார்க்கத் தைரியம் வந்தது. வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ள ஆசை. விடவில்லை. தமிழ்ப் பிள்ளைகளின் இங்கிலீஷுக்காக அடுத்த கருவி தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கான கோப்பு அவள் பையிலேயே இருந்தது.

தொகாஷி கான்டீனுக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் குனிந்து வணங்கினார். கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மேடம், உங்களை ஒண்ணு கேக்கணும்," என்றார். "தமிழ்ல அப்பா தன் பொண்ணுகிட்ட என்ன பேசுவார்? எனக்கு ஃபாக்டரி தமிழ்தான் தெரியும். கான்டீன்ல கேட்டா எல்லாரும் சிரிக்கறாங்க, இல்லன்னா அழறாங்க. எப்படிக் கூப்பிடறது?"

"கண்ணுன்னு..." என்று தொடங்கிய தமயந்தி, குழந்தை நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "செல்லம்னு கூப்பிடலாம் சார்."

"செ-ல்-ல-ம்," என்று சொல்லிப் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா அவளுக்கு அர்த்தம் தெரியாது. நான் ஜப்பான் மொழியில சொல்லிக்குடுத்தா போனை வெச்சுடுவா. கயோகோ தமிழ் டீச்சர் தேடறா. தொயாமாவில யாரும் இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கிறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. டீ நேரம். தொகாஷி சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம் கேட்காதபடி சுவரோரமாகப் போய் நின்றார்.

"ஒ-ன்-னு," என்றார்.

"ஒ-ன்-னு," என்றது போன்.

"ரெ-ண்-டு."

"ரெ-ண்-டு."

மூணு, நாலு, அஞ்சு, எல்லாம் அவர் வாயில் மூன்று மூன்று அடியாக, ஒரே சீராக வந்தன. தொயாமாவில் வெந்நீர் சளக் சளக்கென்றது. தமிழில் ஒன்பது மட்டும் மற்றதைவிட நீளம். அவர் 'ஒ-ம்-போ-து' என்று அதை இழுத்து முடிப்பதற்குள், தாளம் தப்பியதற்காகக் குழந்தை களுக்கென்று சிரித்தது. தினமும் அந்த இடத்தில் சிரிக்கும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ப-த்-து," என்றார் தொகாஷி.

"ப-த்-து," என்றாள் சுஸு. பிறகு தன் மொழியில் ஏதோ கேட்டாள். நின்ற இடத்திலிருந்தே தமயந்திக்குத் தெளிவாகக் கேட்டது. 'அப்பா, வீட்டுக்கு எப்ப வருவே?'

அவருக்கும் கேட்டது. அந்த மொழியில் வாயைத் திறந்தால் அப்பா போய்விடுவார். தமிழில் சொன்னால் அவளுக்குப் புரியாது. தொகாஷி சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். மழை வலுத்தது. குழந்தை மறுபடியும் அதையே கேட்டது.

"ஒ-ன்-னு," என்றார் அவர்.